ஷெல்லில் போகாத கை

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் முன்பின் தெரியாத ஒரு மனுசன் எனக்கு வழி எடுத்துத் தந்தார். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ. ஷெல்லிலை கை போன பிள்ளை" என்று சத்தம் போட்டார். சனமும் தள்ளியது. நான் போகாமல் நின்று, "அண்ணை, ஷெல்லிலை போகேல்லை. பிளாஸ்ரரிலை போனது" என்றேன். தலையில் மூட்டையோடு அவர் என்னைப் பார்த்தார். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற நேரத்தில் இவளுக்கு இது ஒரு கதையா என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கு அதுதான் கதை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கையோ காலோ இல்லாமல் ஒருவர் தெருவில் போனால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஷெல், குண்டு, கண்ணிவெடி, ஹெலிச் சூடு, இதில் ஏதோ ஒன்று. ஐயோ பாவம் என்று சொல்லி, அரசாங்கத்தைத் திட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். என் கையையும் அப்படியே சண்டையின் தலையில் கட்டிவிடப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அதனால் திமிர் பிடித்த ராங்கிக்காரி என்று பெயர் வாங்கினேன். இருக்கட்டும்.

எண்பத்தாறாம் ஆண்டு. அரியாலையில் வீட்டோடு ஒரு தையல் மெசின் வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரவெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கலியாணமும் பேசி வந்து, ஏறக்குறையச் சரி என்ற நிலையில் இருந்தது. ஒரு நாள் காலை ரவுணில் துணி வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பும்போது ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. ஹெலி வந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோடு ஒட்டிப் படுக்க வேண்டும், அதுதான் அந்தக் காலத்துப் புத்தி. நான் துணி மண்ணாகிவிடும் என்று படுக்காமல் மிதித்தேன். வாய்க்காலுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தேன். சூடு எங்கேயோ ஒரு பனங்காணிக்குள் விழுந்தது. என்மேல் ஒரு சன்னமும் படவில்லை. வலது கை மணிக்கட்டுக்கு மேலே முறிந்தது, அவ்வளவுதான். மரத்தால் விழுகிற பெடியளுக்கு வாராவாரம் நடக்கிற முறிவு.

பெரியாஸ்பத்திரிப் பக்கம் கோட்டையிலிருந்து ஆமிக்காரர் ஷெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணை ஒரு வாடகைக் காரைப் பிடித்து, ரவுணுக்கு வெளியே இருந்த ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனார். அதை நடத்திய டொக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். பகிடி விட்டுப் பகிடி விட்டே எலும்பை இழுத்துப் பொருத்தி, விரலடியிலிருந்து முழங்கைக்கு மேல்வரை பிளாஸ்ரர் போட்டார். "ஆறு கிழமை. பிறகு கலியாணச் சீலைக்கு நீரே சட்டை தைக்கலாம்" என்றார். அவரை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணையும் பின்னேரம் வாறன் என்று போனார். ஆனால் மத்தியானத்தோடு தெருவில் சண்டை மூண்டு, அவரால் வர முடியவில்லை.

மத்தியானம் தொடங்கியது நோ, உயிர் போகிற வலி. முறிந்த நோ வேறு, இது வேறு. கைக்குள்ளே யாரோ இருந்துகொண்டு வெளியே வர வழி தேடி இடிக்கிற மாதிரி. நான் கத்தினேன். நேர்ஸ் வந்து என் விரல் நகத்தை அமத்தி விட்டுப் பார்த்தாள். நகம் வெளுத்தது, திரும்பச் சிவக்கவில்லை. அவளின் முகம் மாறியதை நான் கண்டேன். டொக்டரின் வீடு ஒரு முற்றத்துக்கு அங்காலேதான். போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "வாறாராம் பிள்ளை" என்றாள்.

வரவில்லை. பின்னேரமாக விரல்கள் நீலமாகிவிட்டன. நேர்ஸ் திரும்பவும் ஓடினாள். திரும்பி வரும்போது என் கண்ணைப் பார்க்காமல், "வாறாராம்" என்றாள். "நீங்கள் வெட்டி விடுங்கோவன்" என்று கெஞ்சினேன். பிளாஸ்ரர் வெட்டுகிற கத்தரி அலுமாரிக்குள், அலுமாரிப் பூட்டின் திறப்பு டொக்டரிடம். முற்றத்துக்கு அங்காலே ஆம்பிளைகள் சிரிக்கிற சத்தம் யன்னலால் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நோ குறைந்தது. கடவுளே, குறைந்துவிட்டது என்று நான் சந்தோசப்பட்டேன். கை செத்ததால்தான் நோ குறைந்தது என்று எனக்கு யார் சொல்வது?

அடுத்த நாள் காலை டொக்டர் வந்து வெட்டித் திறந்தார். உள்ளே இருந்தது கையில்லை. அளவுக்கு மிஞ்சி முற்றின கத்தரிக்காய். தோல் கொப்பளித்து நீர் வடிந்தது. டொக்டர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அப்போதுதான் வந்துசேர்ந்த அண்ணையைப் பார்த்து, "ஹெலிச் சூட்டிலை வந்த காயமெல்லே, நரம்பு முதலே செத்திட்டுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். கை போவதற்கு முதலே அவர் கதையைக் கட்டிவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே வெட்டினார்கள். மயக்க மருந்துக்குப் பஞ்சமான நேரம், எனக்கு அரை மயக்கம்தான் வாய்த்தது. எலும்பை அரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. விறகு அரிகிற சத்தம்தான் அது, ஒரு வித்தியாசமும் இல்லை. வெட்டிய டொக்டர் நல்ல மனுசன். "கட்டு இறுகினது. அண்டைக்கே வெட்டித் திறந்திருந்தால் கை இருந்திருக்கும்" என்று என்னிடம் சொன்னார். இதை வேறு யாரிடமாவது சொல்வீர்களா என்று கேட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வலது கை இல்லாமல் எங்கள் சனத்துக்குள் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். சோறு இடது கையால். கழுவுவதும் இடது கையால். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி இருப்பார்கள், தெரியாத மாதிரித்தான். கோயிலில் ஐயர் விபூதி தரக் கையைக் கொண்டுவந்து, என் இடது கையைக் கண்டு நின்று, பிறகு நெற்றியில் தானே பூசிவிடுவார். கரவெட்டிக் கலியாணம் பேச்சுமூச்சில்லாமல் நின்றது. இடது கையால் தலைவாரினால் வகிடு கோணும், தேங்காய் திருவினால் சிரட்டை வழுக்கும், தேத்தண்ணி ஆற்றினால் பாதி நிலத்தில். எதைச் செய்தாலும் அரைகுறை. எனக்கு வந்த எரிச்சலில் வீட்டில் கோப்பைகள் உடைந்தன.

அதைவிடப் பெரிய எரிச்சல் அந்த டொக்டர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த கதை. ஹெலிச் சூடாம், நரம்பு அறுந்ததாம், தான் எவ்வளவோ பாடுபட்டதாம். சந்தையில் என்னைக் கண்டவர்கள், "ஹெலியாமே பிள்ளை" என்றார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் கை எப்படிப் போனது என்பதை அந்த மனுசன் தன் வாயால், நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். அது கிடைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

முதலில் ஒழுங்காகத்தான் போனேன். என்னைப் பெத்த ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஒரு அப்புக்காத்தரிடம் போய், வழக்குப் போட வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீதவான் கோடு பூட்டு. பொலிஸ் தன்ரை ஸ்ரேசனை விட்டு வெளியிலை வராது. சம்மனை ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது? அந்த நேர்ஸ் சாட்சி சொல்லுவாவோ? டொக்டருக்கு எதிரா இன்னொரு டொக்டர் வாய் திறப்பாரோ?" என்றார். எல்லாம் உண்மைதான், அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, சூட்டிலை போனதெண்டு போட்டால் நிவாரணமாவது வரும்" என்றார். ஐயா என்னைப் பார்த்தார். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

கோடு பூட்டினால் என்ன, வேறு கோடுகள் திறந்திருந்தன. அப்போது எங்கள் ஊருக்குள் ஆயுத இயக்கங்கள் பல. ஒவ்வொரு இயக்கத்துக்கும் ஒவ்வொரு நீதி. களவெடுத்தவன், காட்டிக்கொடுத்தவன் என்று சந்தியில் லைற் போஸ்ற்றில் கட்டிச் சுடுவார்கள், கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போவார்கள். அண்ணை எனக்குச் சொல்லாமலே ஒரு இயக்கத்திடம் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டார். அண்ணைக்கு என்மேல் உயிர். அந்த உயிர் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

ஒரு காலை இரண்டு இயக்கப் பெடியள் வந்து, "அக்கா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றார்கள். அண்ணை சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார். கொழும்புத்துறையில், சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்ட ஒரு பெரிய வீடு. பின்வளவு மாமரத்துக் கொப்பில் டொக்டரைக் கட்டியிருந்தார்கள். இரண்டு கையையும் சேர்த்து நைலோன் கயிற்றால், மேலே தூக்கி. கால் பெருவிரல் மட்டும் நிலத்தில் முட்டியது. மேலில் சேட் இல்லை. முதுகு கிழிந்து தொங்கியது. ஒரு கண் மூடிவிட்டது, மற்றக் கண் என்னைத் தேடியது. பிளாஸ்ரிக் பைப்போடு ஒருவன், சைக்கிள் செயினோடு ஒருவன். களைத்துப்போய் நின்றார்கள். வளவில் இரத்தமும் மூத்திரமும் மணத்தது.

அவர்களுக்குப் பெரியவனை மற்றவர்கள் பொறுப்பாளர் என்றார்கள். மெல்லக் கதைப்பான். மெல்லக் கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு திக்கென்னும். "எல்லாம் ஒப்புக்கொண்டிட்டார் அக்கா. நீங்கள் ஒரு அடி அடியுங்கோ. உங்கடை மனம் ஆறட்டும்" என்று பைப்பை வாங்கி என் இடது கையில் வைத்தான். பைப் வழுவழுவென்று ஈரமாக இருந்தது. அடிக்க எனக்கு ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். "அடியடி, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்று அண்ணை பின்னால் நின்று சொன்னார்.

"முதல்லை நான் கேக்கவேணும்" என்றேன். "என்ன நடந்தது டொக்டர்?"

"என்ரை பிழை. என்ரை பிழைதான்" என்றார் டொக்டர். பல் உடைந்து வார்த்தை சப்பையாக வந்தது.

"என்ன பிழை? ஏன் வரேல்லை?"

அவர் முழித்தார். செயின்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். "குடிச்சிருந்தனான்" என்று டொக்டர் அவசரமாகச் சொன்னார். அந்த மனுசன் சாராயத்தை மணந்தும் பார்க்காதவர், கலியாண வீட்டில் பார்லித் தண்ணி கேட்கிறவர் என்று ஊருக்கே தெரியும். "காசுக்காக வேணுமெண்டு செய்தனீயோ?" என்று செயின்காரன் கேட்டான். "ஓம்." "ஆமிக்காரனுக்கும் மருந்து கட்டினனீயோ?" "ஓம்." எதைக் கேட்டாலும் ஓம். எத்தனை மாதமாக அந்த ஒரு ஓமுக்காகக் கிடந்து செத்தேன். இப்போது அது கொட்டுகிறது, பொறுக்க ஆளில்லை.

நான் கிட்டப் போனேன். இடது கையில் பைப்பைப் பிடித்தபடி அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"டொக்டர், உங்களாலை போனது என்ரை இடக் கைதானே?"

"ஓம்" என்றார். "இடக் கை. இடக் கைதான்."

பெடியளுக்கு விளங்கவில்லை. ஒருவன் தலையைக்கூட ஆட்டினான். நான் அண்ணாந்து பார்த்தேன். கயிறு இறுகி, டொக்டரின் விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. அந்த நீலத்தை நான் அறிவேன், ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தவள். அவரும் தன் விரல்களைத்தான் பார்த்தார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும்தான் அந்த வளவில் தெரிந்திருந்தது. பைப்பைக் கீழே போட்டேன். "கயித்தை அவிட்டு விடுங்கோ. விரல் நீலமாகுது" என்றேன்.

"சாகப் போற ஆளுக்கு விரல் என்னத்துக்கு அக்கா?" என்றான் பொறுப்பாளர்.

நான் பதில் சொல்ல வாய் திறக்க, கோட்டையிலிருந்து முதல் ஷெல் கூவிக்கொண்டு வந்தது. கடற்கரைப் பக்கம் விழுந்தது. இரண்டாவது கிட்ட. பெடியள் பங்கருக்குள் பாய்ந்தார்கள். அண்ணை என் சட்டையைப் பிடித்து இழுத்தார், நான் உதறினேன். அவர் தூசணத்தால் பேசிக்கொண்டு பங்கருக்குள் போனார். மாமரத்தடியில் நானும் டொக்டரும்தான். அவர்மேல் இரங்கி நான் நின்றேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஆள் செத்தால் எனக்குப் பதில் சொல்ல உலகத்தில் ஆளில்லை, அந்த ஒரு எண்ணம்தான். கயிற்றின் மறு நுனியை அடிமரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒற்றைக் கையால் முடிச்சு அசையவில்லை. குந்தி இருந்து பல்லால் கடித்து இழுத்தேன். பக்கத்து வளவில் ஒன்று விழுந்து என்னை முகங்குப்புறத் தள்ளியது. வாயெல்லாம் மண், காதுக்குள் ஒரே கீச்சல். திரும்பவும் கடித்தேன். முடிச்சு கழன்றது, அவர் சாக்கு மூட்டை மாதிரி என் பக்கத்தில் விழுந்தார்.

"ஏன் வரேல்லை?" என்று நிலத்தில் கிடந்தபடியே காதுக்குள் கத்திக் கேட்டேன். அவர் நீலமான கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டார்.

ஷெல் நின்று பெடியள் வெளியே வந்தபோது பக்கத்து வளவில் கட்டியிருந்த மாடு பாதியாகக் கிடந்தது. மற்றப் பாதி வேலியில். டொக்டர் ஓடாமல் கிடக்கிறார் என்பதைப் பொறுப்பாளர் பார்த்தான். "ஆரைக் கேட்டு அவிட்டனீங்கள்?" என்றான், அதே மெல்லிய குரலில்.

"அவர் என்ரை இடக் கையை எடுத்ததெண்டு உங்களுக்கு முன்னாலை ஒப்புக்கொண்டவர்" என்றேன். இடது கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இந்தா கிடக்கு என்ரை இடக் கை. உந்த ஒப்புதலை வைச்சுக்கொண்டோ சுடப் போறியள்? அட்டையிலை என்னெண்டு எழுதுவியள்? ஆமிக்கு மருந்து கட்டினவர் எண்டோ? என்ரை கை எங்கை?"

அவன் என் கையைப் பார்த்தான், வெட்டுப்பட்ட மற்றக் கைக்குத்தியைப் பார்த்தான். பிறகுதான் அவனுக்கு விளங்கியது. செயின்காரன் தலையைக் குனிந்தான். "அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று பொறுப்பாளர் கேட்டான். காயப்பட்டு வருகிற தங்கள் ஆட்களுக்கு மருந்து கட்ட அவர்களுக்கும் டொக்டர்மார் குறைவு, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரைப் பிடித்துக் கட்டிய பிறகு சும்மா விட்டால் மரியாதை போய்விடும், அதுவும் தெரியும்.

"கற்பூரம் அணைக்கட்டும்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் களவு, காணிச் சண்டை என்று வந்து சாட்சி இல்லாவிட்டால் அதுதான் கடைசி வழக்கு. கோயில் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி வைப்பார்கள். நான் செய்யவில்லை என்கிறவன் உள்ளங்கையால் அடித்து அதை அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது. கோட்டில் சத்தியம் பண்ணிவிட்டு வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்களும் கற்பூரம் என்றால் தயங்குவார்கள். பொறுப்பாளர் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "சரி. வெள்ளிக்கிழமை. அணைச்சால் வீட்டை போகலாம். அணைக்காட்டில் எங்களோடை வரவேணும்" என்று டொக்டரைப் பார்த்துச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்தும் பிள்ளையார் கோயில் வாசலில் சனம் கலையவில்லை. கதை பரவியிருந்தது. டொக்டரைக் கட்டாமல் கொண்டுவந்தார்கள், நான் அப்படித்தான் கேட்டிருந்தேன். முகம் வீங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அவரின் மனுசி ஒரு பக்கம் தாங்கி வந்தா. பொறுப்பாளர் தெருவுக்கு அங்காலே பூவரச மரத்தின் கீழ் நின்றான். சேட்டுக்குள் எது புடைத்துக்கொண்டிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

கற்பூரக் கட்டியை வாசற்படியில் வைக்க நான் குனிந்தேன். ஐயர் தடுத்தார். "பிள்ளை, இடக் கையாலை வைக்கக் கூடாது."

"அப்ப என்ரை வலக் கையைத் தரச் சொல்லி அவரிட்டைக் கேளுங்கோ ஐயா" என்றேன். ஐயர் விலகினார். நான் வைத்தேன். அண்ணை கொளுத்தினார்.

"நேரத்துக்கு வந்து பாத்தனான், இவளின்ரை கை சூட்டாலைதான் போனது எண்டு சொல்லி அணையுங்கோ" என்றேன்.

டொக்டர் குனிந்தார். மணிக்கட்டில் கயிறு அறுத்த புண் சிவப்பு வளையமாகக் கிடந்தது. வலது உள்ளங்கையைச் சுவாலைக்கு மேலே பிடித்தார். "அணையுங்கோ" என்று மனுசி சொன்னா. "என்னைப் பாருங்கோ, பிள்ளையளை நினையுங்கோ, அணையுங்கோ." முதலில் மெல்லச் சொன்னா, பிறகு அழுது சத்தமாகச் சொன்னா. பொய்யோ மெய்யோ, ஒரு தட்டு. தட்டினால் வீட்டுக்குப் போகலாம். கையிலிருந்த மயிர் பொசுங்கும் மணம் எனக்கு வந்தது. உள்ளங்கை அங்கேயே நின்றது. பிறகு அவர் கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கற்பூரம் தன்பாட்டில் எரிந்து, சுருங்கி, கல்லில் கறுப்பாக ஒரு வட்டத்தை விட்டுவிட்டு முடிந்தது. மனுசி படியில் குந்திவிட்டா.

"இனி என்ன கேக்கக் கிடக்கு? விளங்கிட்டுது தானே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"எனக்கு விளங்கேல்லை" என்றேன். "வாயாலை சொல்லுங்கோ டொக்டர்."

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சனத்தைப் பார்க்கவில்லை, மரத்தடியையும் பார்க்கவில்லை.

"கட்டை இறுக்கிப் போட்டிட்டன். வீங்குமெண்டு தெரியும், பேந்து பாப்பமெண்டு விட்டிட்டன். நேர்ஸ் ரெண்டு தரம் வந்து சொன்னவ. விரல் நீலமெண்டும் சொன்னவ. தெருவிலை சண்டை எண்டு கூட்டாளிமார் வீட்டிலை மறிபட்டு நிண்டவை. சீட்டிலை முந்நூற்றிநாலு விளையாடிக்கொண்டு இருந்தனாங்கள். இந்த ஆட்டம் முடிய வாறன் எண்டு சொல்லி அனுப்பினனான்." நின்றார்.

"பிறகு?"

"பிறகு மறந்து போனன்."

எத்தனை காரணங்களை நான் யோசித்து வைத்திருந்தேன். பெரிய இடத்து நோயாளி யாரும் வந்திருக்கலாம், பங்கருக்குள் அகப்பட்டிருக்கலாம், குடித்தேயிருக்கலாம். வெறுக்கவாவது கொஞ்சம் பெரிதாக ஒரு காரணம் இருக்கும் என்று நம்பியிருந்தேன். யன்னலால் கேட்ட அந்தச் சிரிப்பு சீட்டுக் கட்டைச் சுற்றி இருந்து சிரித்த சிரிப்பு. நான் கத்திக்கொண்டிருக்க அங்கே யாரோ துரும்பு வெட்டியிருக்கிறான். கத்தரிக்காயாய்ப் போன என் கையும், எலும்பு அரிந்த வாள் சத்தமும், கரவெட்டிக் கலியாணமும், பந்தியில் தள்ளி இருந்தவர்களும் ஒன்றாய் என் முன்னால் வந்து நின்றன.

அடித்தேன். கன்னத்தைப் பொத்தி, இடது கையால். எங்கள் ஊரில் இடது கையால் ஒருவனுக்கு வெற்றிலைகூடக் கொடுக்க மாட்டார்கள். கோயில் மணி மாதிரிக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். முன்னம் வீங்கியிருந்த கன்னம் பிளந்து இரத்தம் வந்தது. அவர் விழப் பார்த்தார், விழவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

பொறுப்பாளர் தெருவைக் கடந்து வந்தான். கை சேட்டுக்குள் இருந்தது. நான் அவனுக்கும் டொக்டருக்கும் நடுவில் நின்றேன். கை எரிந்தது.

"என்ரை வழக்கு முடிஞ்சுது. தண்டனையும் குடுத்தாச்சு" என்றேன்.

"அவ்வளவுந்தானோ அக்கா?"

"அது என்ரை கை. கணக்கும் என்ரை."

அவன் சனத்தைப் பார்த்தான். சனம் அவனைப் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் கையை வெளியே எடுத்தான், வெறுங்கையாக. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த டொக்டர் பிறகும் எங்கள் பக்கத்தில்தான் மருந்து கட்டினார். என்னைக் கண்டால் சைக்கிளால் இறங்கி நிற்பார். நான் நிற்பதில்லை.

அவரைக் காப்பாற்றத்தான் நான் அடித்தேன், புத்திசாலிப் பிள்ளை என்று ஊரில் சிலர் கதை கட்டினார்கள். அது சுத்தப் பொய். ஆத்திரத்தில் அடித்தேன், கட்டியிருந்தபோது அடிக்காத அடியையும் சேர்த்து அடித்தேன். வகிடு கோணும், தேத்தண்ணி சிந்தும் என்று மாதக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த இடது கை. அது ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுதான்.